காருக்குப் பின்னால் படகு: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

சென்னை நீலாங்கரையிலிருந்து முட்டுக்காட்டுக்கோ, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கோ வீட்டுக் காரில் ஃபைபர் படகைக் கட்டி இழுப்பவர்களுக்கு வரும் கோளாறுகள் பத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். காசில்லாத சோதனை முதலில், பட்டறைச் செலவு கடைசியில்.

ஆனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒரு எண் கையில் இருக்க வேண்டும்: டிரெய்லரின் மொத்த எடை. படகு விற்றவர் சொன்ன எடை வெறும் கூட்டின் எடை. 17 அடிப் படகுக்குக் கூடு 500 கிலோ என்று வையுங்கள். பின்பலகையில் தொங்கும் 60 குதிரைத்திறன் 4-ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டார் 110 கிலோ. பெட்ரோல் 50 லிட்டர் என்றால் 37 கிலோ. பேட்டரி 23. நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி என்று ஒரு 60. டிரெய்லரின் இரும்பு 300. கூட்டினால் 1,030 கிலோ. எர்டிகா மாதிரி ஒரு ஏழு சீட் காரே காலியாக 1,200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வரம்பு 750 கிலோ, அல்லது காரின் எடையில் பாதி, எது குறைவோ அது. அந்தக் கணக்குப்படி இந்தக் கார் 600 கிலோவோடு நிற்க வேண்டும்.

மாதவரம், மணலி, புழல் என்று லாரி போய்வரும் இடமெல்லாம் எடைமேடை உண்டு. டிரெய்லரை மேடையில் நிறுத்தி, அதன் முன்முனையில் இருக்கும் சக்கர ஜாக்கியில் தாங்க விட்டு, காரைக் கழற்றி வெளியே எடுத்த பிறகு சீட்டு வாங்குங்கள். கார் கையேட்டில் இழுவை எடை என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லை, அல்லது இழுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது என்றால் வரம்பு பூஜ்யம். பெரிய ஹிட்ச் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் சட்டம்) மாட்டினால் அந்த எண் மாறாது. இன்னொன்று, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும் அடக்கம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். காரின் இன்சூரன்ஸ் இழுவையையும் ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேகம் கூடினால் டிரெய்லர் வாலை ஆட்டுகிறது

ஆடிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையும் வரை காத்திருப்பது. ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் ஆட்டம் பெருகும். பிரேக்கை அழுத்தி மிதித்தால் டிரெய்லர் காரை மடக்கிவிடும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

ஓரமாக நிறுத்திய பிறகு, எப்போது ஆடியது என்று யோசியுங்கள்.

*50, 60 கிலோமீட்டரைத் தாண்டினாலே ஆடுகிறது என்றால்* பத்துக்கு ஒன்பது தடவை மூக்கு எடை போதவில்லை. ஹிட்சின் இரும்புக் குண்டு மேல் டிரெய்லர் கீழ்நோக்கி அழுத்தும் எடைதான் மூக்கு எடை. மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். 1,030 கிலோவுக்கு 72 முதல் 103 கிலோ.

அளக்க, வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷினே போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரெய்லரைக் கழற்றுங்கள். கப்ளர் (குண்டின் மேல் உட்காரும் டிரெய்லரின் மூக்குப் பூட்டு), காரில் மாட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் நிற்கும்படி ஒரு மரக்கட்டையை மெஷினுக்கும் கப்ளருக்கும் நடுவே நிறுத்துங்கள். முன்ஜாக்கியை மெதுவாகத் தூக்கி எடை முழுவதும் மெஷின் மேல் இறங்கியதும் படியுங்கள். மெஷின் தாங்காது போலிருந்தால் ஒரு பலகை எடுங்கள். ஒரு முனையைச் செங்கல் மேல் வைத்து, அங்கிருந்து 3 அடியில் மெஷின், 1 அடியில் கப்ளர். முதலில் வெறும் பலகைக்கு மெஷின் காட்டுவதைக் குறித்துக்கொண்டு, சுமையோடு காட்டுவதில் அதைக் கழித்து, மூன்றால் பெருக்குங்கள்.

குறைவாக இருந்தால் முதலில் சாமானை நகர்த்துங்கள். கப்ளரிலிருந்து அச்சு 4 மீட்டர் தூரத்தில் இருக்கும் டிரெய்லரில், 30 கிலோ ஐஸ் பெட்டியைப் படகின் பின்பக்கத்திலிருந்து 4 மீட்டர் முன்னே வைத்தால் மூக்கு எடை அப்படியே 30 கிலோ கூடும். அதுவும் போதாவிட்டால் படகை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தின் யூ-போல்ட்டைத் தளர்த்திப் படகையே 5 சென்டிமீட்டர் முன்னே கொண்டுவாருங்கள். 730 கிலோ படகுக்கு அது 9 கிலோ தரும். ஐந்து ஐந்தாக நகர்த்தி அளங்கள். ஒரு எல்லைக்கு மேல் போகாதீர்கள். மோட்டார் தொங்கும் பின்பலகைக்கு அடியில் தாங்கு கட்டையின் முனை கட்டாயம் இருக்க வேண்டும். பலகை அந்தரத்தில் நின்றால் வேகத்தடைகளில் ஃபைபர் விரிசல் விடும்.

இங்கேதான் பல குடும்பக் கார்கள் தோற்றுப்போகின்றன. டிரெய்லருக்கு 72 கிலோவாவது வேண்டும், காரின் ஹிட்ச் வரம்போ 50. ஆட்டத்துக்கும் வரம்புக்கும் நடுவில் சரியான இடமே கிடையாது. மெக்கானிக்கிடம் கேட்பதற்கும் இதில் ஒன்றும் இல்லை. சின்னப் படகு, அல்லது வேறு வண்டி.

*பஸ், லாரி தாண்டும்போது மட்டும் ஆடுகிறது என்றால்* டயர் காற்றைப் பாருங்கள். காரின் பின்டயருக்குக் கையேட்டில் முழுச்சுமைக்குத் தனி எண் இருக்கும், அதை வையுங்கள். டிரெய்லர் டயருக்குப் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவை ஒட்டி, டயர் குளிர்ந்திருக்கும்போது. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து நேராக விலாவில் அடிக்கும். மறைப்பில்லாத முட்டுக்காடு பாலத்தில் அது நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் 50க்கு மேல் வேண்டாம்.

*போன வாரம் வரை ஒழுங்காக வந்தது, இன்று ஆடுகிறது என்றால்* எது மாறியது? பெரும்பாலும் படகுக்குள் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாமல் நிறுத்திய படகில் 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு 10 சென்டிமீட்டர் தேங்கினால் 600 கிலோ. அதுவும் பின்பக்கம் போய்ச் சேரும். படகின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையின் அடைப்பானைக் கழற்றி, மூக்கை உயர்த்தி, கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள். சாலையில் போகும்போது அடைப்பான் திறந்தே இருக்கட்டும், அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டால் தண்ணீரில் இறக்கும் முன் மறக்காது. தண்ணீர் இல்லை என்றால் ஸ்பிரிங் பட்டையில் உடைந்த இலை, தளர்ந்த யூ-போல்ட், ஆடும் பேரிங் என்று வரிசையாகப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஆடினால் கப்ளரின் நடுவிலிருந்து இரண்டு ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) நடுவுக்கும் டேப் பிடியுங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அச்சு கோணியிருக்கிறது. அது வெல்டிங் பட்டறை வேலை. அச்சைச் சூடு காட்டி அடித்து நிமிர்த்துகிறேன் என்பவரிடம் விடாமல், யூ-போல்ட்டைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்துபவரிடம் விடுங்கள்.

காரின் பின்பக்கம் உட்காருகிறது, ஸ்டீயரிங் லேசாக இருக்கிறது

டிரெய்லர் இல்லாமல் முன்சக்கரத்தின் மேல் வளைவுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, மாட்டிய பிறகு மறுபடி அளங்கள். முன்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் முன்சக்கரத்தில் பிடிப்புக் குறைந்துவிட்டது. முன்சக்கர இழுவைக் காருக்கு அதுதான் ஓட்டும் சக்கரம், திருப்பும் சக்கரம், பெரும்பங்கு பிரேக்கும் அங்கேதான்.

காரணம் மூக்கு எடை அதிகம், அல்லது டிக்கியில் சாமான் அதிகம், அல்லது இரண்டும். 75 கிலோ மூக்கு எடை என்றால் பின்பம்பரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளும் காரின் பயணிக் கணக்கில்தான் சேருவார். ஏழு பேரும் ஏறிக்கொண்டு படகையும் இழுக்க முடியாது. டிக்கியைக் காலி செய்து, சாமானைப் படகில் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். அங்கே வைத்த எடை மூக்கிலும் ஏறாது, வாலிலும் இறங்காது.

அதற்குப் பிறகும் உட்கார்ந்தால் பின் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு இருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று சர்வீஸில் காட்டலாம். ஸ்பிரிங் இடுக்கில் செருகும் ரப்பர் கட்டைகள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். அவை காரைப் பார்வைக்கு நிமிர்த்தும், தாங்கும் வரம்பை உயர்த்தாது.

வேகத்தடை ஏறும்போது பின்னால் ‘டங்’ என்று அடிக்கிறது

முதலில் கப்ளர் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிப் பூட்டிய பிறகு முன்ஜாக்கியைச் சுற்றி மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கம் கூடவே எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. கப்ளர் மட்டும் கழன்று எழும்பினால் இவ்வளவு தூரம் வந்தது அதிர்ஷ்டம்.

பூட்டு சரி என்றால் குண்டின் அளவு. 50 மில்லிமீட்டர் குண்டும் 2 அங்குலக் குண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் 2 அங்குலம் 50.8 மில்லிமீட்டர். 2 அங்குலக் கப்ளர் 50 குண்டில் உட்காரும், கொஞ்சம் ஆடும். 1⅞ அங்குலக் குண்டு 47.6 மில்லிமீட்டர்தான். அதில் 50 கப்ளர் பூட்டியதுபோல நடித்து, ஒரு நல்ல பள்ளத்தில் கழன்றுவிடும். இறக்குமதி டிரெய்லரை உள்ளூர் ஹிட்சில் மாட்டும்போது இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். அளவு குண்டின் தலையில் பொறித்திருக்கும், கப்ளரிலும் பொறித்திருக்கும். தேய்மானத்தை வெர்னியர் வைத்துப் பல இடத்தில் பாருங்கள். 50 குண்டு எங்காவது 49க்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள்.

அதற்கடுத்து ஹிட்ச் போல்ட்டுகள், குண்டின் அடிநட்டு. ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் தளர்ந்தது கண்ணாலேயே தெரியும். பாதுகாப்புச் சங்கிலி தரையில் இழுபட்டும் சத்தம் வரும். இரண்டு சங்கிலியையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கழன்றால் கப்ளர் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும்.

காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஹிட்ச் சட்டம் காரின் சேசிஸ் தண்டில் போல்ட் போட்டு நிற்கிறதா, தரைத் தகட்டில் வெல்டிங் வைத்து நிற்கிறதா? வெல்டிங் என்றால், அல்லது போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு விரிந்திருந்தால், இழுப்பதை அங்கேயே நிறுத்துங்கள். அது முடுக்கிச் சரிசெய்யும் விஷயம் இல்லை.

சக்கரத்திலிருந்து ஊளைச் சத்தம், ஹப் சுடுகிறது

படகு டிரெய்லருக்கே உரிய நோய் இது. ஓடிச் சூடான ஹப்பை உப்புத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கிரீஸ் பாலாகும், பேரிங் துருப்பிடிக்கும், அடுத்த பயணத்தில் ஊளையிடும். அதனால் கரைக்குப் போனதும் படகை இறக்க அவசரப்படாமல் அரை மணி நேரம் நிறுத்துங்கள். பெல்ட் கழற்றுவது, சாமான் ஏற்றுவது, டீ எல்லாம் அந்த நேரத்தில்.

பயணத்தில் முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள்.

*வெதுவெதுப்பு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி:* சரி.

*ஒரு பக்கம் மட்டும் ஐந்து விநாடி கை வைக்க முடியவில்லை:* பேரிங், அல்லது பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் ஒட்டிக்கொண்ட பிரேக். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். தடங்கி நின்றால் பிரேக். சொரசொரவென்று சுற்றினால் பேரிங்.

*இரண்டு பக்கமும் சுடுகிறது:* சுமை அதிகம், அல்லது பேரிங் நட்டை இறுக்கிவிட்டார்கள்.

*ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது:* ஆயில் சீல் போயிற்று. கிரீஸ் அடைத்துக்கொண்டே ஓட்ட முடியாது.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லேசான உணர்வு போதும், கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் நட்டு தளர்ந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றிக் கிரீஸைப் பாருங்கள். தேன் நிறம், கறுப்பு, நீலம் எதுவாகவும் இருக்கலாம், பால் நிறம் மட்டும் கூடாது. பால் நிறம் என்றால் மேலே புதுக் கிரீஸ் வைத்து மூடுவது ஏமாற்று வேலை. பேரிங்கை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் நீலம் பாரித்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேரிங்கையும், ஹப்புக்குள் இருக்கும் வளையத்தையும், சீலையும் மூன்றும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதுப் பேரிங் போட்டால் சில மாதத்தில் மறுபடி ஊளை.

உள்ளூரில் அடித்த டிரெய்லரில் என்ன ஹப் போட்டார்கள் என்பது போட்டவருக்கே மறந்திருக்கும். பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வாய்வார்த்தையில் கேட்காதீர்கள். புதுப்பேட்டையில் ஹப் கிடைக்கும், ஆனால் பழைய பேரிங் அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கவே கூடாது. கிரீஸ் படகு டிரெய்லருக்கென்று விற்கும், தண்ணீரில் கரையாத வகை. சாதா சேசிஸ் கிரீஸ் வேண்டாம்.

பொருத்தும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உட்கார வைத்து, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்குங்கள். புதுக் கோட்டர் பின் போடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும், மாதம் நாலு முறை உப்பில் இறக்குபவர்கள் இரண்டு முறை. உதிரியாக ஒரு பக்கத்துக்கு வேண்டிய பேரிங், சீல், பின், கொஞ்சம் கிரீஸ் காரிலேயே இருக்கட்டும்.

அச்சின் முனையில் கீறலோ நீலமோ தெரிந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் முனையைக் கடைவதைவிட அச்சையே மாற்றுவது நல்லது என்றுதான் நேர்மையான லேத்காரர் சொல்வார்.

டிரெய்லர் டயர் வெடிக்கிறது, அல்லது ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது

டயரில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ தாங்கும், 85 என்றால் 515, 91 என்றால் 615. நமது 1,030 கிலோ டிரெய்லருக்குப் பழைய காரிலிருந்து கழற்றிய 79 டயர் இரண்டு போட்டால் 874 கிலோதான் தாங்கும். வெயில் காலத்தில் தார் கொதிக்கும்போது அது வெடிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 91 போடுங்கள், அந்த அகலத்துக்கு ரிம் பொருந்துமா என்று டயர்க் கடையில் கேட்டுக்கொண்டு.

பக்கச்சுவரில் நாலு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. படகு டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று சாகும். பட்டன் ஆழம் புதிதுபோல இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினால் மாற்றுங்கள். இரண்டு டயரிலும் உள்ஓரம் தேய்ந்தால் அச்சு நடுவில் வளைந்திருக்கிறது. சுமை வரம்பைத் தாண்டியதன் தழும்பு அது.

நிறுத்தினால் நிற்கவில்லை

*பெடல் கெட்டியாக இருக்கிறது, கார் நிற்கவில்லை, கருகிய வாசனை வருகிறது:* பிரேக் கொதித்துவிட்டது. ஓரம் கட்டி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். அடுத்த தடவை சிக்னலுக்கு வெகுமுன்பே கியரைக் குறையுங்கள்.

*பெடல் ஆழமாக இறங்குகிறது:* பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்து கொதித்திருக்கலாம். இரண்டு வருஷம் தாண்டிய ஆயில் என்றால் மாற்றுங்கள். ஆறிய பிறகும் இறங்கினால் காரைக்கூட ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை அழையுங்கள்.

*டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறது:* டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால் அது கோளாறு அல்ல, அப்படித்தான் இருக்கும். எடை 600 கிலோவைத் தாண்டினால் பிரேக் உள்ள அச்சு போடுங்கள். கப்ளர் தண்டு உள்ளே தள்ளப்படும்போது பிடிக்கும் வகைப் பிரேக் இருந்தால் தண்டு துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கும். கிரீஸ் நிப்பிளில் அடித்து, கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். அதே வகைப் பிரேக்தான் மேட்டில் பின்னால் எடுக்கும்போது டிரெய்லரை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தலைப்பகுதியில் பின்னெடுக்கும் பூட்டு இருந்தால் அதைப் போடுங்கள். முடித்ததும் எடுக்க மறக்காதீர்கள்.

உப்பில் இறங்கிய பிரேக் டிரம்மை அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கடற்கரை ஓர வீட்டின் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அலசியும் பயன் இல்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எஞ்சின் சூடு முள் ஏறுகிறது, கிளட்ச் கருகுகிறது

சென்னையில் பெரிய மலை இல்லை, ஆனால் மேம்பாலம் இருக்கிறது, கத்திரி வெயிலும் இருக்கிறது. முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். சிவப்பைத் தொட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

ஆறிய பிறகு கூலன்ட் அளவு, பிறகு ரேடியேட்டர் முன்னால் அடைத்திருக்கும் தூசி, பூச்சி. பைப் தண்ணீரை மெதுவாகப் பின்பக்கமிருந்து முன்னுக்கு அடித்தால் போகும். ஃபேன் சுற்றுகிறதா? இல்லை என்றால் பியூஸ், ரிலே. இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறினால் தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப் என்று பட்டறைக்குப் போகும். ஐந்தாவது கியரில் முக்கிக்கொண்டு போகாமல் நாலாவதில் ஓட்டினாலே பாதிக் கேஸ் தீரும்.

கிளட்ச் தேய்ந்ததா என்று பார்க்க: டிரெய்லர் இல்லாமல், காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சுற்று ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் செட் மாற்ற வேண்டும். ஏஎம்டி, சிவிடி என்ற தானியங்கி கியர் உள்ள கார்களில் கனமான படகை இழுக்கவே வேண்டாம்.

சரிவில் கார் ஏற மறுக்கிறது

படகை இறக்கி ஏற்றும் சிமென்ட் சரிவில் மூக்கு எடையும் சாய்வும் சேர்ந்து பாரத்தைப் பின்சக்கரத்துக்குத் தள்ளும். முன்சக்கர இழுவைக் கார் அங்கே பாதி ஊனம்.

முதலில் அலையேற்ற நேரம் பாருங்கள். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் பெரிய நாளில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான், ஆனால் சரிவில் பாசி படர்ந்திருப்பது அந்த ஒரு மீட்டருக்குள்தான். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் படகை இறக்கி ஏற்றினால் உங்கள் டயர் காய்ந்த சிமென்ட்டில் நிற்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்சக்கரம் பாசியில் நின்றால் பூட்டிய சக்கரத்தோடேயே கார் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போகும். முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களின் பின்னால் கட்டை வைத்த பிறகே ஓட்டுநர் இறங்கலாம். சைலன்சர் வாய் தண்ணீருக்குள் போகும் அளவுக்குப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தால் அந்தச் சரிவு இந்தக் காருக்கு அல்ல.

சக்கரம் சுழன்றால் மேலும் மிதிக்காதீர்கள். பின்சீட்டில் இருப்பவர்களை இறக்கி முன்சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். முன்டயரின் கீழே ரப்பர் பாய் அல்லது கோணி. அரைக் கிளட்சிலேயே பிடித்துக்கொண்டிருக்காமல், மெதுவாக ஏறுங்கள். இரண்டு முறை முயன்று முடியவில்லை என்றால் படகைத் திரும்பத் தண்ணீரில் விட்டு, காலி டிரெய்லரோடு மேலே வாருங்கள். மூன்றாவது முயற்சியில்தான் கிளட்ச் போகும்.

காரை மேலே காய்ந்த இடத்தில் நிறுத்தி, 10 மீட்டர் கயிற்றில் டிரெய்லரை இழுக்கலாம். கயிற்றின் நேரிலும் டிரெய்லருக்குப் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. கடற்கரை மணலில் இதுவும் வேண்டாம். நொச்சிக்குப்பம் மாதிரி மீனவர் கரைகளில் ஃபைபர் படகைக் கரையேற்ற டிராக்டர் வைத்திருப்பது சும்மா இல்லை. கரையில் இருக்கும் அண்ணனிடம் கூலி பேசி டிராக்டரைக் கூப்பிடுங்கள், கிளட்ச் செட்டின் விலையில் அது ஒன்றுமே இல்லை.

பின்விளக்கு மங்குகிறது, மாறி மாறி எரிகிறது

இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் லேசாகத் துடிக்கிறதா? எர்த் போயிருக்கிறது, பல்பை மாற்றிப் பயன் இல்லை. ஏழு பின் பிளக்கில் மூன்றாவது, வெள்ளை வயர்தான் எர்த். துருவைச் சுரண்டி, டிரெய்லர் சட்டத்தை நம்பாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுங்கள்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் டெஸ்ட் லாம்பை எடுத்து முதலில் காரின் சாக்கெட்டில் பாருங்கள். 1 மஞ்சள் இடது இண்டிகேட்டர், 4 பச்சை வலது இண்டிகேட்டர், 5 பழுப்பு வலது பின்விளக்கு, 6 சிவப்பு பிரேக், 7 கறுப்பு இடது பின்விளக்கு, 2 நீலம் பனி விளக்கு. அங்கே கரன்ட் இருந்தால் கோளாறு டிரெய்லரில். உள்ளூரில் வயர் போட்ட டிரெய்லரில் நிறத்தை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்.

காரிலேயே கரன்ட் இல்லை, பியூஸும் சரி என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். புதுக் கார்களில் விளக்குகளைக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று கவனிக்கிறது. அதன் வயரில் நேராக வெட்டி ஒட்டினால் பெட்டியே போகும். தனி ரிலே பெட்டி வைத்து இணைக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தண்ணீரில் இறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். சூடான பல்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும், சாக்கெட்டில் உப்பு ஏறினால் அடுத்த வாரம் பச்சைக் களிம்பு பூக்கும். மேலே ஏறியதும் பிளக்கைச் செருகி, ஒருவர் பிரேக் மிதிக்க இன்னொருவர் பின்னால் நின்று பார்த்த பிறகு சாலையில் ஏறுங்கள்.